கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்

பாப்பா,

நீ குறித்துக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் உன் அம்மா திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எழுந்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்காமல் இல்லை. கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டிருப்பார்கள், இந்தப் போனில் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "ரேஷன் அரிசிக்கு லைன்ல நிக்கிறவங்க கிட்ட மூணு வருஷத்துக்குப் பணம் எழுதி வாங்குறியே நைனா, மனசாட்சி இல்லையா உனக்கு?" என்று கேட்டிருந்தாய். சபை முன்னால் நின்று பொருத்தனையை வாபஸ் வாங்கு, என் மாமனாருக்குப் போன் போட்டு சாரி சொல்லு, அவர் கோயில் கட்டிக் கொடுக்கிறேன் என்றதை வாங்கிக்கொள் என்றும் சொல்லியிருந்தாய். கேள்வி நியாயமான கேள்விதான். பதிலைப் போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், நான் பாதியில் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நீ போவதற்குள் உன் அப்பன் செய்ததை அவன் வாயாலேயே கேட்டுவிட்டுப் போ.

நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இங்கே நடந்தவை எல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தன. போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கோயிலைக் கூட்டித் துடைத்துவிட்டுப் பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பீடத்துக்கு மேலிருந்த கூரை மொத்தமாக இறங்கியது. ஐந்து நிமிடம் முன்னால் இறங்கியிருந்தால் உன் அம்மா இல்லை. இதை நான் உனக்குச் சொல்லவில்லை, நீ பயப்படுவாய் என்று. ஆர்மோனியம் மட்டும் நசுங்கியது. வந்து பார்த்த என்ஜினீயர் சுவரில் விரலால் சுரண்டினார், காரை பொலபொலவென்று உதிர்ந்தது. "உள்ளே ஒருத்தரும் போகக் கூடாது, இடிச்சுட்டுப் புதுசாதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வளாகத்தில் போட்ட தகர ஷெட்டில்தான் ஆராதனை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து வெல்டிங் பட்டறை பாய், இரும்புக் குழாயை எல்லாம் அவரே கொண்டுவந்து நட்டுக் கொடுத்தார். வெயில் காலத்தில் பத்து மணிக்கே தகரம் கொதிக்கிறது. மழை பெய்தால் ஆயர் பேசுவது ஒரு வார்த்தை கேட்காது. மூன்று பக்கமும் திறந்திருப்பதால் பிள்ளைகள் ஜெப நேரத்தில் எதிரே ராஜகிரிக் கோட்டை மேலே ஏறுகிற டூரிஸ்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஷெட்டுக்குத்தான் உன் மாமனார் வந்தார். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு, வெள்ளை நிறக் காரில், அவர் மனைவியோடும் உனக்குப் பார்த்த பையனோடும். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. முட்டிபோட்டு ஜெபம் பண்ணினார், வெறும் சிமெண்டுத் தரையில். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. சுற்றிலும் பார்த்தார். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், மல்லாட்டைக் கடலை உடைக்கப் போகிறவர்கள், பேரூராட்சியில் குப்பை வண்டி தள்ளுகிறவர்கள், ஒன்றிரண்டு வாத்தியார்கள், ரிட்டயரான கண்டக்டர் நான். என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "பாவம் சம்பந்தி இந்த ஜனங்க. இவங்ககிட்ட ஒரு பைசா வாங்காதீங்க. முழுசா நான் பாத்துக்கறேன். என் ஆளுங்க வந்து கல்யாணத்துக்குள்ள கூரை போட்டுடுவாங்க. வாசல்ல எங்கம்மா பேர்ல ஒரு கல்லு மட்டும் வெச்சுடுங்க" என்றார். போகும்போது பொறுப்பானவர் யாரென்று ஆயரிடம் கேட்டார். ஆயர் எஸ்தரைக் காட்டினார். குப்பை வண்டியில் போகிற எஸ்தர்தான் இந்த வருடம் பெண்கள் சங்கத்துத் தலைவி. உன் மாமனார் பர்சிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் கையில் வைத்து, "எல்லாரும் டீ சாப்பிடுங்கம்மா" என்றார். எஸ்தர் வாங்கிக்கொண்டாள். கார் ரோட்டில் ஏறியதும் அந்த நோட்டைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் காசில் டீ வாங்கிக் குடித்தாள். நீ அந்த வீட்டு மருமகளாகப் போகிறவள், உனக்கு இது தெரிந்திருக்கட்டும்.

பாப்பா, எனக்கு அந்த 'பாவம்' என்கிற சொல்லோடு சின்ன வயதிலிருந்தே சண்டை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, பால்பவுடர் என்று. மிஷனில் மாவும் பால்பவுடரும் வாங்கித் தின்றுவிட்டு மதம் மாறினவர்கள் என்று அர்த்தம். மாறியது என் தாத்தா காலத்தில். நான் அந்தப் பவுடரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் மைதானத்தில் பந்து என் பக்கம் வந்தால், "டேய் பால்பவுடர், தூக்கிப் போடுடா" என்பார்கள். பெரியவனாகி, காக்கிச் சட்டை போட்டு, பஸ்ஸில் ஏறின பிறகும் விடவில்லை. பஜாரில் அரிசிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார், "உங்களுக்கு இன்னாப்பா, எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்துடுது" என்று. வரவில்லை. உன் காலேஜ் ஃபீசுக்கு எந்த வெளிநாட்டிலிருந்தும் வரவில்லை. நான் டபுள் டியூட்டி பார்த்தேன், உன் அம்மா ஜாக்கெட் தைத்தாள். ஆனால் ஊர் வாயில் நாங்கள் வாங்கினவர்கள்தான். பழைய கோயிலை வேறு எவரோ கட்டிக் கொடுத்தார்கள். சரி, அது அந்தக் காலம். இதையும் இன்னொருவர் கட்டிக் கொடுத்து, வாசலில் அவர் அம்மா பேரைப் பொறித்துவிட்டால், உன் பிள்ளையைப் பார்த்தும் அதே சொல்லைச் சொல்வார்கள். அதற்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

கமிட்டியில் நான்தான் செயலாளர். கூட்டத்தில் ஆயரே தயங்கினார். மூன்று ஊர்ச் சபையை ஒரு மோட்டார் சைக்கிளில் பார்த்துக்கொள்கிற இளைஞர் அவர், பாவம் களைத்துப்போயிருந்தார். பார், நானே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். "கர்த்தர் குடுக்கறதை வேணாம்னு சொல்றதாங்க?" என்று கேட்டார். "கர்த்தர் நமக்குக் கையையும் குடுத்துருக்கார் ஐயா" என்றேன். பேசிப் பேசி, மேசையைத் தட்டி, எல்லாரையும் என் பக்கம் இழுத்துவிட்டேன். உன் மாமனாரின் உதவி வேண்டாம். சபையார் ஒவ்வொருவரும் மூன்று வருடத்துக்கு மாதாமாதம் தங்களால் முடிந்ததைத் தருவதாகப் பொருத்தனை செய்ய வேண்டும். ஏன் மூன்று வருடம் என்றால், நம் ஜனங்களுக்கு வருமானம் மழையைப் பொறுத்தது. ஒரு வருடம் ஏரி நிரம்பும், ஒரு வருடம் காயும். ஒரே தடவையில் கேட்டால் அது கடனில் போய் முடியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டால் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். அட்டை அச்சடித்தோம். அட்டையில் தொகை எதுவும் போடவில்லை, குறைந்தது இவ்வளவு என்றும் போடவில்லை. வெறும் கோடு மட்டும்.

முதல் ஞாயிறு நான் எழுந்து பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் கத்திக் கத்தி எனக்கு மைக் தேவைப்படாத தொண்டை. பேசி முடித்து, அட்டை வாங்க விருப்பமுள்ளவர்கள் முன்னால் வாருங்கள் என்றேன். ஒருவரும் வரவில்லை. அப்புறம் தேவராஜ் மேஸ்திரி எழுந்தார். உனக்குத் தெரியும், நம் வீட்டுப் பின்சுவரைக் கட்டினவர், என்னைவிடப் பெரியவர்.

"ஏம்பா, ஒருத்தர் மொத்தமா கட்டித் தரேன்னாரு. அதை வேணாம்னு சொல்லிட்டீங்க. வேணாம்னு சொல்றப்ப எங்கள கேட்டியா?"

நான் அட்டைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"கேக்கல இல்ல? குடுன்னு சொல்றப்ப மட்டும் கேக்குறியே, இது இன்னா நியாயம்? என் பேரப்பிள்ளைங்க தகரத்துக்குக் கீழ வேர்க்குருவோட உக்காந்திருக்குது. உனக்கு ரோஷம் இருக்குதுன்னா நீ கட்டு. எங்க ரோஷத்தை நாங்க சொல்றோம்."

ஆராதனை அதோடு முடிந்தது. அட்டைக் கட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். உன் அம்மா சோறு போட்டுவிட்டு, "அவரு சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னாள். கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தேவராஜ் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் புரிந்தது, கோபம் என் மேல்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பெண். அனந்தபுரம் ரூட்டில் நான் புதிதாக டியூட்டி பார்த்த நாட்களில், குவாரியில் கல் உடைக்கிறவள் ஒருத்தி தினமும் ஏறுவாள். என் வயதுதான் இருக்கும். அவள் சேலையைப் பார்த்தே, இவளிடம் எதற்கு டிக்கெட் என்று நான் தாண்டிப் போய்விடுவேன். இரக்கம் காட்டுவதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. ஒரு நாள் நல்ல கூட்டத்தில் என் பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "மூட்டைக்கே டிக்கெட் போடுற, எனக்குப் போட மாட்டியா? நான் மூட்டையைவிடக் கேவலமா?" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் ஒருவரையும் தாண்டிப் போனதில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தேவராஜ் வந்து, தாண்டிப் போயிருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போனேன். காலையில் சூளைக்குக் கிளம்புகிறவர்களை ரோட்டிலேயே பிடித்தேன், மற்றவர்களைச் சாயங்காலம் வீட்டில். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கேள்வி கேட்டேன். அந்தப் பெரியவர் கட்டித் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் நீ மூன்று வருடம் தருவாயா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வாங்கிக்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். யோசிக்கிறேன் என்றவர்கள் இருந்தார்கள். தொண்டூர் ரோட்டில் ஒரு வீட்டில், புருஷனுக்கு டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறவள், "என்னால முடியாதுண்ணே" என்றாள். "சரிம்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா வந்து கேட்டீங்களே" என்றாள். நீ மனசாட்சி என்று சொன்னாயே, அதை நான் அந்த வாசலில் பார்த்தேன். முடியாது என்று சொல்வதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையே கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமல் போனால், முடியாது என்று அவளுக்காக நானே தீர்மானித்துவிட்டேன் என்று அர்த்தம்.

தேவராஜ் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டேன். "வாங்கிக்கலாம்னுதான் நான் கை தூக்குவேன். உனக்கோசரம் மாத்திக்க மாட்டேன்" என்றார். "மாத்திக்க வேணாம், வந்து தூக்குங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியைக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஆயர் இரண்டையும் சபை முன் வைத்தார். கை தூக்கச் சொன்னார். வாங்கிக்கலாம் என்று தேவராஜும் இன்னும் கொஞ்சம் பேரும் தூக்கினார்கள். நாமே கட்டலாம் என்று மற்றவர்கள். ஒருவர் மட்டும் தருவது வேண்டாம், எல்லாரும் தருவதில் அவரும் தரட்டும் என்று முடிவானது. அப்புறம்தான் நான் பேசினேன். நீ என் மேல் இவ்வளவு கோபப்படக் காரணமானதையும் அப்போதுதான் சொன்னேன். நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் டூர் கூட்டிப்போனார்களே, அந்தக் கதையை. டீச்சர் பெஞ்சு பெஞ்சாக வந்து யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டவர், உன்னிடம் வந்ததும் தலையைத் தடவிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். நீ வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு அழுதாய். டூர் போகவில்லை என்று அழுகிறாய் என்று நினைத்து, காசு தருகிறேன் போய்வா என்றேன். "டூர் வேணாம் நைனா. எல்லாரையும் கேட்டாங்க, என்னைக் கேக்கவே இல்ல" என்றாய். இதைச் சபையில் சொல்லிவிட்டு, "உங்களை எல்லாம் தாண்டிப் போக நான் விட மாட்டேன். இல்லாதவங்கன்னு சொல்லி எவனும் உங்களை ஒதுக்க வேணாம். கேக்குறேன். குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்" என்றேன்.

முதலில் எழுந்து வந்தது யார் என்று நினைக்கிறாய்? தேவராஜ். எனக்கே நம்ப முடியவில்லை. "நான் தோத்துட்டேன். தோத்ததால ஓடிப் போறவன் இல்ல. பணமா என்னால ஆகாது. மூணு வருஷமும் சனிக்கிழமை ஆனா கொத்துக்கரணையை எடுத்துக்கினு வந்துடுவேன், கூலி கிடையாது" என்று சொல்லி அட்டையில் அதையே எழுதச் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசை வந்தது. உன் அம்மா என்னோடு சேர்த்து எழுத மாட்டேன் என்று தனி அட்டை வாங்கினாள். தையல் காசு அவளுடையதாம். எஸ்தர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"இன்னாம்மா?" என்றார் ஆயர்.

"பேரைப் படிங்க ஐயா. எவ்ளோன்னு படிக்க வேணாம். குடுக்குறவங்க பேரு எல்லாத்தையும் சத்தமா படிங்க."

"வலது கை குடுக்கிறது இடது கைக்கு..." என்று ஆயர் ஆரம்பித்தார்.

"அது பேரு இருக்கிறவங்களுக்கு ஐயா. தெருவுல என்னை 'ஏ குப்பை'ன்னுதான் கூப்புடுறாங்க. இங்கயாவது படிங்க."

ஆயர் அட்டைகளை அகர வரிசைப்படி அடுக்கினார். ஷெட்டின் நடுவில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். பேர் படிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நின்றவர்கள் அதிகம். ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். ஐம்பது வருடமாக எங்களைப் பால்பவுடர் என்று சொன்ன ஊர் அது. பார்க்கட்டும் என்று நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

மறுநாள் உன் மாமனாருக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சுதான் உன்னிடம் வேறு மாதிரி வந்திருக்கிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். சபை முடிவைச் சொன்னேன். "நான் என்ன பிச்சையா போட்டேன் சம்பந்தி? சாமிக்குச் செய்யறேன்னேன்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "செய்யுங்க சம்பந்தி, யாரும் தடுக்கல. உங்களுக்கும் ஒரு அட்டை எடுத்து வெச்சிருக்கேன். மூணு வருஷம், மாசா மாசம். வாசல்ல கல்லு கிடையாது. பேரை மட்டும் எல்லார் பேரோடயும் சேத்துப் படிப்போம்" என்றேன்.

"எல்லார் பேரோடயும்னா?"

"அகர வரிசைப்படி. உங்க பேரு எஸ்தருக்கு முன்னாடி வரும்."

"எஸ்தர் யாரு?"

"அன்னைக்கு டீக்குக் காசு குடுத்தீங்களே, அவங்க."

போன் கட்டாகிவிட்டது. அவர் வைத்தாரா, டவர் போனதா தெரியாது. திரும்ப நான் போடவில்லை, அவரும் போடவில்லை. இதில் நான் எந்த இடத்தில் அவரை அவமானப்படுத்தினேன்? சபையில் ஒருவரை எப்படிக் கேட்டேனோ அப்படித்தான் அவரையும் கேட்டேன். அது அவருக்கு அவமானமாகத் தெரிகிறது என்றால், எந்தப் பேர் பக்கத்தில் வந்ததால் அப்படித் தெரிகிறது என்று அவரே யோசிக்கட்டும். கல்யாணம் சென்னையில்தான் என்று அவர் வீட்டில் சொல்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும். நான் வேட்டி சட்டையில் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன், உன் கையைப் பிடித்துக் கொடுப்பேன். இதற்காகப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஷெட்டில் நாற்காலி போதாமல் போனபோது தன் நாற்காலியைக் கிழவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றான், நான் பார்த்தேன்.

மூன்று வருடத்தில் யாருக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எப்படி எழுதி வாங்கலாம் என்று கேட்டாய். நீ கல்யாணத்தன்று எழுந்து நின்று சொல்லப்போவது எத்தனை வருடத்துக்கு? சுகத்திலும் துக்கத்திலும் என்று சொல்லும்போது உன் சம்பளப் பட்டியலையா காட்டப்போகிறாய்? தெரியாமல்தான் சொல்வாய். தெரிந்த பிறகு சொல்வதற்குப் பேர் பொருத்தனை கிடையாது. எழுதினவர்களில் ஒன்றிரண்டு பேர் முதல் மாதமே தரவில்லை. ஒருவர் சூளை வேலைக்கு வெளியூர் போய்விட்டார். மூன்று வருடத்தில் இன்னும் பலர் நிறுத்துவார்கள், எனக்குத் தெரியும். யார் வீட்டு வாசலிலும் போய் ஏன் தரவில்லை என்று நிற்க மாட்டோம் என்று கமிட்டியில் முடிவு செய்துவிட்டோம். கோயில் மூன்று வருடத்தில் முடியாமல் ஐந்து வருடம் ஆகலாம். ஆகட்டும். போன சனிக்கிழமை பழைய சுவரை இடிக்க ஆரம்பித்தோம். தேவராஜ் சொன்னபடி வந்தார். உடைத்த செங்கல்லில் நல்லதை ஒருபுறம் அடுக்கி, அஸ்திவாரத்துக்கு ஆகும் என்றார். என்னைப் பார்த்து, "கண்டக்டரே, சும்மா நிக்காத, ஜல்லியைத் தள்ளு" என்று விரட்டினார். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ சொன்னது சரி. உன் கதையைச் சபையில் சொல்வதற்கு முன் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். அது உன் அழுகை, என்னுடையது இல்லை. அது சென்னை வரை போய், உன் மாமியார் அதை உன்னிடமே திருப்பிச் சொல்லும்படி ஆனதற்கு நான்தான் காரணம். அதற்கு வருந்துகிறேன். அதற்கு மட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சபையில் எல்லாரையும் கேட்டேன், டயாலிசிஸ் வீட்டில்கூடக் கேட்டேன். உன் மாமனாரைக் கேட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கல்யாணச் செலவு, சென்னை வாடகை, புதுக் குடித்தனம், பாவம் பிள்ளை என்று நானே முடிவு செய்துகொண்டு உன்னை விட்டுவிட்டேன். உன் குரல் பதிவைக் கேட்டபோது, அந்தக் கோபத்துக்குள்ளே இதுவும் எங்கோ இருக்கிறது என்று உன் அம்மாதான் சொன்னாள். நான் இல்லை என்றேன். இந்தக் கடிதத்தை எழுத எழுத அவள் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

இப்போது கேட்கிறேன். அந்தக் கோயிலில்தான் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், உன் பேர் இன்னும் இந்தச் சபையில்தான் இருக்கிறது. மூன்று வருடம், உன்னால் முடிந்தது எதுவோ அது. தருவாயா? எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரராக வரப்போகிறவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால், கேட்டே சொல். முடியாது என்றால் அதையும் நீயே சொல். உனக்காக நான் சொல்ல மாட்டேன்.

உன் நைனா